கதவில் வைத்த கை

வண்டியை எடுப்பதற்கு முன்னால் சிரில் அண்ணன் வலது உள்ளங்கையை லாரிக் கதவின் உள்பக்கத்தில் வைப்பார். ஸ்பீக்கர் அந்த இடத்தில்தான் இருந்தது. பாட்டு ஓடத் தொடங்கியதும் இரண்டு மூச்சு நேரம் கை அங்கேயே இருக்கும். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு கியரைப் பிடிப்பார். பதினோரு வருடம் இடது பக்க இருக்கையிலிருந்து நான் இதைப் பார்த்தேன். சாமி கும்பிடுவதில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்களே, அது போல.

சிரில் அண்ணன் எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டினார். பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே போகும் வழியில் கிளைச் சாலை ஒன்று பிரிந்து மலைக்குள் வரும். அதன் முடிவில் எங்கள் லைன் வீடுகள், அதற்குக் கீழே பேக்டரி. காலையில் கொழுந்து வெட்டும் பெண்களை லாரியின் பின்னால் ஏற்றிக்கொண்டு மேல்மலைக்குப் போவார். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்துச் சாக்குகளோடு இறங்கி ஏறுவார். ஒரு லாரி மட்டுமே போகிற அகலம். ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் பள்ளம். பதினாறு வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஆரன் அடிக்க வேண்டும். எதிரில் வருகிறவன் அதைக் கேட்டு ஒதுங்க வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் அங்கே கண்ணால் பயனில்லை, காதுதான் எல்லாம்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எட்டு வருடம் கத்தரியால் கொழுந்து வெட்டினேன். தோள்பட்டை போனதும் என்னை லாரியில் போட்டார்கள். வலைச் சாக்குகளின் வாயைக் கட்டுவது, லாரியோடு இறங்கி பேக்டரியில் இறக்குவது, காலிச் சாக்குகளை மேலே கொண்டு போவது. பின்னால் உட்கார்ந்தால் வளைவுகளில் எனக்கு வாந்தி வரும். அதனால் முன்னால் இடம் கிடைத்தது. எனக்குப் பேச்சு வராது என்று லைனில் சொல்வார்கள். தனியாக இருந்தால் நன்றாகவே வரும். யாராவது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

முதல் நாளே அந்தப் பாட்டு எனக்குத் தலைவலி கொடுத்தது.

மலாய் ரோக் பாட்டு. தொண்ணூறுகளில் பிரிஞ்சாங் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய கேசட். அட்டையில் கறுப்புச் சட்டை போட்ட ஐந்து பேர், துருப்பிடித்த ஈயச் சுரங்க இயந்திரம் ஒன்றின் முன்னால் நிற்பார்கள். ஈப்போ பக்கத்து ஆட்கள் என்று அண்ணன் சொன்னார். பெயர் இருந்த மூலையை எலி தின்றிருந்தது. எட்டுப் பாட்டு. ஏறும்போது முதல் பக்கம், இறங்கும்போது மறு பக்கம். வேறு எதுவும் அந்த லாரியில் ஓடாது. தீபாவளிக்கும் அதுதான், கிறிஸ்மசுக்கும் அதுதான்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "அண்ணே, இவங்க ஏன் இப்படி கத்துறாங்க?"

அவர் சிரித்தார். "நூறு தடவ கேளு. அதுக்கப்புறமும் கத்துறாங்கன்னு சொன்னா கேசட்ட பள்ளத்துல போட்டுடுறேன்-லா."

பின்னால் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்த இராசம்மாக்கா கேபினைத் தட்டினார். "ஏ அம்சா, நூறாவது தடவ நீயும் சேர்ந்து கத்தப்போற. முடிய வளத்துக்க!"

நூறு தடவை ஆவதற்கு ஐந்து வாரம்தான் பிடித்தது. முதலில் எல்லாம் ஒரே இரைச்சல். பிறகு ஒரு நாள் அந்த இரைச்சலுக்கு அடியில் தடித்த கம்பி ஒன்று தனியாக நடப்பது கேட்டது. அடுத்த தடவை அதைத் தேடினேன். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதன் மேலே ஏறி நிற்பது தெரிந்தது. முதல் பாட்டில் மத்தளக்காரன் ஒவ்வொரு நாலாவது அடியையும் கொஞ்சம் தாமதித்து அடிப்பான். தவறு என்று நினைத்திருந்தேன். எந்த இடத்திலும் அவன் அதை விடவில்லை. மூன்றாவது பாட்டில் பாடுகிறவன் மூச்சு இழுப்பது கேட்கும். அந்த மூச்சுக்காகவே நான் காத்திருக்க ஆரம்பித்தேன். வார்த்தைகள் கடைசியாகத்தான் வந்தன. கத்தல் என்று நினைத்ததற்குள் ஒருவன் தன் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அது முதல் பக்கத்தில் இரண்டாவது பாட்டு. மண் சரிந்து சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டவனைப் பற்றியது. மேலே அண்ணன் கூப்பிடுகிறான். கீழேயிருந்து பதிலாகத் தட்டும் சத்தம் மட்டும் வருகிறது. நாலு தட்டு. பிறகு எல்லாம் நின்றுவிடும். ஐந்து எண்ணும் நேரம் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு எல்லா கிட்டாரும் ஒன்றாக விழும். லாரி ஏறும்போது அந்த அமைதி எப்போதும் ஏழாவது வளைவை நெருங்கும்போது வரும். இஞ்சின் ஓசையும் இலையில் தண்ணீர் சொட்டுவதும் மட்டும் கேட்கும். எனக்கு முதுகு சில்லிடும். ஆனாலும் அந்தப் பாட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்னவோ குறைந்தது போல இருக்கும்.

இப்படி வருடங்கள் போயின. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்தது. திருகின் வெள்ளைப் புள்ளி முதலில் நாலில் நின்றது. பிறகு ஆறு. பிறகு எட்டு. நான் பார்த்தேன், ஒன்றும் யோசிக்கவில்லை. எதையாவது கேட்டால் "பாட்டுல கேக்கல-லா" என்பார். இந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் கேட்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இரண்டாவது லாரி ஓட்டும் சசிதரன் மட்டும் ஒரு தடவை பத்தாவது வளைவில் மூக்கோடு மூக்கு நின்றபோது இறங்கி வந்து கத்தினான்.

"அண்ணே! நாலு தடவ ஆரன் அடிச்சேன். காது என்ன மாமியார் வீட்டுக்குப் போயிருச்சா?"

"உன் ஆரன் கொசு மாதிரி கத்துது. மொதல்ல அத மாத்து," என்றார் அண்ணன். பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சசிதரன் லாரியை ரிவர்சில் எடுத்துப் போனான். அவன் பின் சக்கரம் பள்ளத்து விளிம்பில் மண்ணைத் தள்ளியது. அது உருண்டு போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஏப்ரலில் கேசட் பெட்டி பழுதாகிவிட்டது. அண்ணனின் மகன் ரயன் ஈப்போவில் வேலை செய்கிறான். அவன் அந்த எட்டுப் பாட்டையும் எங்கோ தேடிப் பிடித்து, பென்டிரைவில் போட்டு, புதுப் பெட்டியும் வாங்கி மாட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலை அண்ணன் கதவில் கையை வைத்தார், சிலுவை போட்டார், வண்டியை எடுத்தார்.

பாட்டு வந்தது. முதல் பாட்டு வரவில்லை. ஆறாவது பாட்டு வந்தது. பெட்டி எழுத்து வரிசையில் எடுத்து ஓட்டியிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அது மெதுவான பாட்டு, ஒற்றைக் கிட்டார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன், ஏதாவது சொல்வார் என்று.

அவர் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. முதல் பாட்டின் தாளம். நாலாவது அடியைக் கொஞ்சம் தாமதித்து, மிகச் சரியாக.

இரண்டு வளைவு தாண்டினோம். மெதுவாகக் கையை நீட்டி, திருகைத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஆறு, மூன்று, ஒன்று. பாட்டு நின்றது. கேபினில் இஞ்சின் சத்தம் மட்டும். அவர் விரல்கள் நிற்கவில்லை. உதடு அசைந்தது. தலை ஆடியது. ஓடாத பாட்டுக்கு அவர் தாளம் போட்டுக்கொண்டே வளைவை நோக்கிப் போனார். பின்னால் பதினொரு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார்கள்.

அப்போதுதான் அவர் கண் திருகின் மேல் இருந்த என் கையில் பட்டது. விரல்கள் நின்றன.

மேல்மலையில் பெண்கள் இறங்கிப் போன பிறகு அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். பேசுகிறவர் வாயைப் பார்ப்பதற்காகத்தான் அவர் எப்போதும் அப்படித் திரும்புவார் என்று அன்று புரிந்தது.

"எத்தன நாளாண்ணே?"

"ஏழெட்டு வருசம். மொதல்ல இடது காது. இப்ப ரெண்டும். பக்கத்துல வெடி போட்டா லேசா தெரியும்."

"லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் பாப்பாரே?"

"அவரு என் மூஞ்சப் பாத்துதான் பேசுவாரு. நான் அவரு வாயப் பாத்து பதில் சொல்லுவேன். முடிஞ்சுது." ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். "வீட்டுல மேவிசுக்குத் தெரியும். இப்ப உனக்கும் தெரியும். ரெண்டு வருசம்மா. அறுபது வந்தா நானே இறங்கிடுவேன். அதுக்கு முன்னால வெளிய தெரிஞ்சா வேலயும் போச்சு, லைன் வீடும் போச்சு."

"பாட்டு?"

"தலைக்குள்ள ஓடுது. ஒரு அடி பிசகாது. கையில அதிருதா, வண்டி பாடுது, அவ்வளவுதான் எனக்கு."

கை வைத்தது கும்பிடு இல்லை. பெட்டி ஓடுகிறதா என்று பார்த்தது. பாட்டு உரக்க ஓடினால்தான் அவருக்குக் கேட்காதது யாருக்கும் தெரியாது.

அன்றைக்கே நான் ஆபிசில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஆள். நானே ஒரு வழி சொன்னேன். முன்னால் ஆரன் கேட்டால் அவர் இடது முழங்கையை ஒரு தடவை தொடுவேன். பின்னால் கேட்டால் இரண்டு தடவை. அவர் சம்மதித்தார். ரயனிடம் சொல்லிப் பாட்டுகளைப் பழைய வரிசைக்கு மாற்றினேன். "எனக்கென்ன, உனக்குப் புடிச்ச மாதிரி போட்டுக்க-லா," என்றார் அண்ணன்.

ஏழு மாதம் அப்படிப் போனது. நான் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை. காய்ச்சலோடு போனேன். பாட்டுக்குள் புகுந்து அதைத் தாண்டிக் கேட்கப் பழகினேன். எந்தச் சத்தம் எந்த இடத்தில் வரும் என்று எனக்கு மனப்பாடமாக இருந்ததால், வேறு ஒன்று வந்தால் உடனே தெரிந்தது. சசிதரனின் ஆரன், மோட்டார் சைக்கிள், நாய். அவரிடம் பாட்டின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. குறைத்தால் பெண்கள் பேச்சுக் கொடுப்பார்கள்.

நவம்பரில் விடாமல் நாலு நாள் மழை. ஏழாவது வளைவுக்கு மேலே மலைச்சுவரிலிருந்து வழக்கமாகத் தெளிந்த தண்ணீர் வடியும். மூன்றாம் நாள் அது பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தது. அங்கே நின்ற இரண்டு மரங்கள் சாலைப் பக்கம் சாய்ந்திருந்தன. முன்பே அப்படித்தான் நின்றனவா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் காலை மழை விட்டது. கிராணியார் லோகேஸ்வரன், எங்கள் ஆபிசைப் பார்த்துக்கொள்கிறவர், வேலைக்குப் போகச் சொன்னார். பின்னால் ஒன்பது பெண்கள் ஏறினார்கள்.

மூடுபனியில் ஏறினோம். இரண்டாவது பாட்டு ஓடியது. அதில் அண்ணன் கூப்பிடுகிறான். கீழேயிருந்து தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு அமைதி.

அந்த அமைதியை நான் ஆயிரக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன். அதில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று எனக்குத் தெரியும். அன்று அதில் ஒரு சத்தம் இருந்தது. ஈரத்துணியை யாரோ மெதுவாக, பலத்தோடு கிழிப்பது போல. மேலேயிருந்து வந்தது.

அதற்கு நாங்கள் அடையாளம் எதுவும் பேசி வைக்கவில்லை. இரண்டு கையாலும் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கேள்வி கேட்காமல் பிரேக்கை மிதித்தார். பின்னால் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து திட்டினார்கள். கிட்டார்கள் எல்லாம் ஒன்றாக விழுந்தன. அந்த நேரத்தில் எங்களுக்கு முன்னால் இருபது அடியில் மலை இறங்கியது. மரங்கள் நின்றபடியே வந்தன. சாலையைக் கடந்து, அப்படியே நின்றபடி, பனிக்குள் பள்ளத்தில் போய் மறைந்தன. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பெண்கள் இறங்கி அழுதார்கள். இராசம்மாக்கா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு ஒண்ணும் கேக்கலியே அண்ணே! உங்க காதுக்குத் தங்கத் தோடு செஞ்சு போடணும்-லா!"

அண்ணன் அவர் வாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கேட்டது நான்தான் என்று இருவருமே சொல்லவில்லை.

இரண்டு நாளில் அந்தக் கதை எஸ்டேட் முழுக்கப் போய்விட்டது. பாட்டு அவ்வளவு உரக்க ஓடியும் மலை விரிசல் விடுவது சிரிலுக்குக் கேட்டது. அந்த மாதிரிக் காது யாருக்கு இருக்கிறது என்று கம்போங் ராஜா கடைகள் வரைக்கும் பேசினார்கள். எஸ்டேட் மேனேஜர் துரை ஆபிசில் கைகொடுத்தார். எஸ்டேட் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டு போகும் வேனுக்கு அப்போது டிரைவர் இல்லை. டிசம்பர் முதல் திங்கட்கிழமையிலிருந்து சிரில் ஓட்டுவார் என்று முடிவு செய்தார்கள். பதினான்கு பிள்ளைகள். கோலா தெர்லா வழியாகப் பெரிய சாலை. காய்கறி லாரிகள் காலையில் பறக்கும் சாலை.

"வேனுல நான் ஒக்கார முடியாதுண்ணே," என்றேன்.

"சின்ன வண்டிதானே. சமாளிச்சுக்குவேன்."

"பின்னால ஒரு புள்ள கத்தினா? கதவு தொறந்துகிட்டா?"

"கண்ணாடி இருக்கு-லா."

"வேணாம்னு சொல்லிடுங்க."

"ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்ல?"

"அப்ப உள்ளதச் சொல்லுங்க. சனிக்கிழமைக்குள்ள."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சை முடிக்க அவருக்கு அது போதும். அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் எனக்குத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணனின் மனைவி மேவிஸ் அக்கா என் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கொட்டகையில் வேலை செய்கிறவர், என் பேரைச் சத்தமாகக்கூடக் கூப்பிட்டதில்லை. குடையை மடக்காமல் நின்றே பேசினார்.

"அம்சா, பேசாத பொண்ணுன்னு உனக்கு இந்த லைன்ல நல்ல பேரு."

"அக்கா…"

"அந்தப் பேர கெடுத்துக்காத. அவ்வளவுதான்."

அன்று அந்தப் பாட்டைக் கைபேசியில் போட்டேன். நாலு தட்டு, பிறகு அமைதி. ஐந்து எண்ணுவதற்குள் வேனில் என்னென்ன ஆகலாம் என்று எண்ணிப் பார்த்தேன். அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஆபிசுக்குப் போனேன். கிராணியார் வேனின் சாவியை எடுத்து மேசை மேல் வைத்திருந்தார். அதை வாங்கத்தான் சிரில் அண்ணனும் வந்திருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்தது அவருக்குத் தெரியாது.

"என்ன அம்சவல்லி?"

"அண்ணனுக்குக் காது கேக்காது, ஐயா."

கிராணியார் சிரித்துவிட்டார். "யாருக்கு? மலை விழுற சத்தத்தக் கேட்ட ஆளும்மா அவரு!"

"நான்தான் கேட்டேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "கூப்பிட்டுப் பாருங்க ஐயா. அங்கேருந்தே."

"சிரிலு," என்றார். ஜன்னலில் அசைவில்லை. "சிரில்!" மழை பெய்தது. மூன்றாவது தடவை கிராணியார் மேசையில் ஓங்கி அடித்துக் கத்தினார். அடுத்த அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் திரும்பவில்லை. அவர் விரல்கள் ஜன்னல் கட்டையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தன. எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு அவர் தானாகத் திரும்பினார். கிராணியாரைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். விரல்கள் நின்றன. லாரித் திருகில் என் கையைப் பார்த்த அன்றைக்கு நின்றதைப் போலவே.

கிராணியார் சாவியை எடுத்து மேசைக்குள் போட்டார்.

அண்ணனை பேக்டரியில் கொழுந்து வாடவைக்கும் இடத்தில் போட்டார்கள். அறுபது வரும்வரை வீட்டில் இருக்கலாம் என்று துரை சொல்லிவிட்டார். ஆனால் பேக்டரியில் சாக்குகளை இறக்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்காவிட்டால் நான் என்ன சொன்னாலும் அவருக்குப் போகாது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே ஒன்றரை வருடம் போய்விட்டது.

இப்போது அண்ணனும் மேவிஸ் அக்காவும் ஈப்போவில் ரயனோடு இருக்கிறார்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. வேனைக் கம்போங் ராஜாவிலிருந்து வந்த ஒரு பெண் ஓட்டுகிறார். கொழுந்து லாரியைச் சசிதரன் ஓட்டுகிறான், அவன் பாட்டுப் போடுவதில்லை. ஏழாவது வளைவில் சரிந்த இடத்தை நீல நிறக் கென்வாஸ் போட்டு மூடியிருக்கிறார்கள். அதற்கு மேலே புதிதாக ஒரு விரிசல் இருக்கிறது. போன மாதம் அதற்குள் என் விரல் நுழைந்தது, இப்போது கையே நுழைகிறது. ஆபிசில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், பார்க்கிறோம் என்றார்கள். தண்ணீர் மறுபடி தேநீர் நிறத்தில் வருகிறது. லாரி ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்த வழியாகத்தான் ஏறி இறங்குகிறது. நான் இடது பக்கம் ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.